கேதீட்டர் நோயாளி, 'இஎஸ்பிஎல்' ரிப்போர்ட்: வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

வெட்டாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். திருவாரூர், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் தன்னார்வலர்களுக்காக ஒரு குறிப்புத் தாள் தயாராகிறது. பக்கவாதம், முதுகெலும்பில் அடி, புராஸ்டேட் அடைப்பு என்று மாதக்கணக்கில் சிறுநீர்க் குழாயோடு (கேதீட்டர்) இருப்பவர்கள்தான் இதில் அதிகம். டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் (சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்ற பரிசோதனை முடிவு) இருக்கும். "ஈ. கோலை, இஎஸ்பிஎல் பாசிட்டிவ்" என்றோ, "கிளெப்சியெல்லா, கார்பபெனெம் ரெசிஸ்டன்ட்" என்றோ அதில் எழுதியிருக்கும். அது என்னவென்று வீட்டாருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

சில வீடுகளில் பயந்துபோய் தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கிவிடுகிறார்கள், பேரப்பிள்ளையைக் கிட்டே விடுவதில்லை. வேறு சில வீடுகளில் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே மெடிக்கலுக்குப் போய், இதில் போட்டிருக்கிற மருந்தில் பவர் அதிகமானதைக் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டுமே தப்பு என்று தெரிகிறது. சரியானதை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, சாம்பிள் எப்படி எடுப்பது? வீட்டில் என்ன சுத்தம் போதும்? பையில் சிறுநீர் கலங்கினாலே ஆன்டிபயாடிக் வேண்டுமா? இந்தக் கிருமி ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டதா, ஊரிலேயே இருந்ததா? அளவு, நேரம், கிராம் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நுண்ணுயிர்மேசை

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் மற்றவை எளிதாகும்.

ஈ. கோலையும் கிளெப்சியெல்லாவும் நம் எல்லோர் குடலிலும் குடியிருப்பவை. இஎஸ்பிஎல் என்பது அந்தக் கிருமி உற்பத்தி செய்யும் ஒரு நொதி. செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சிம், செஃபிக்சிம் வகை மருந்துகளை அது உடைத்துப் போட்டுவிடும். நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்கு, வேறு இனமாக இருந்தாலும், அதன் நகலைக் கொடுக்கும். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதனால்தான் செஃபிக்சிம் மட்டுமே சாப்பிட்டவருக்கு சிப்ரோஃப்ளாக்சசினும் கேட்காமல் போகிறது.

ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் ஊசி போடும்போது குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்துப்போகும். அடங்காதவை அந்த இடத்தைப் பிடித்துப் பெருகும். குழாய் வழியே சிறுநீர்ப்பைக்கு வருவது இவைதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத நலமான மனிதர்கள் குடலிலும் இஎஸ்பிஎல் கிருமி இருப்பது நம் நாட்டில் சர்வசாதாரணம். ஆகவே ஆஸ்பத்திரியா ஊரா என்று கேட்டால், இரண்டும்தான். கார்பபெனெம் (மெரோபெனெம் போன்ற வீரியமான ஊசி மருந்துகள்) எதிர்ப்பு இன்னும் பெருமளவு ஆஸ்பத்திரி சார்ந்தது. அதுவும் வெளியே வராமலில்லை. இந்த எதிர்ப்பைத் தரும் என்டிஎம்-1 மரபணுவை 2010-ல் பெரிய அளவில் உலகுக்குக் காட்டிய ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. அடுத்த ஆண்டு வெளியான டெல்லி ஆய்வில், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2-லும் அதே மரபணு இருந்தது.

இனி ரிப்போர்ட். நோயாளிக்கு அறிகுறி இருக்கிறதா என்பது ரிப்போர்ட்டில் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். குழாய் போட்டவருக்கு ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீத வாய்ப்பில் சிறுநீரில் கிருமி குடியேறும். ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்குமே கல்ச்சர் பாசிட்டிவ்தான். அது நோய் இல்லை, வெறும் குடியிருப்பு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, புதிதாக வந்த குழப்பம் அல்லது மந்தம், ரத்த அழுத்தம் இறங்குதல் இவற்றில் ஏதாவது இருந்தால்தான் தொற்று என்று யோசிக்க வேண்டும். கலங்கல், நாற்றம், அடியில் வண்டல் மட்டும் இருந்தால் கல்ச்சரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு.

அடுத்தது எஸ், ஐ, ஆர் எழுத்துகள். எஸ் என்றால் வழக்கமான அளவில் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஐ என்பதற்குக் கூடுதல் அளவு அல்லது மருந்து நன்றாகச் சேரும் இடம் என்று அர்த்தம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். பக்கத்தில் எம்ஐசி என்று ஒரு எண் இருக்கும்; கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு அது. மெரோபெனெமுக்கு 0.25, நைட்ரோஃபுரன்டாயினுக்கு 16 என்று பார்த்துவிட்டு, எண் குறைவாக இருப்பதால் மெரோபெனெம்தான் நல்லது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் வேறு அளவுகோல். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எஸ் பட்டியலில் இருக்கிற எல்லாமே எல்லா இடத்துக்கும் ஆகாது. நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும். சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறி காய்ச்சல் வந்தவருக்கு அது பயன்படாது. சிறுநீரகச் செயல்பாடு நன்றாகக் குறைந்தவருக்கும் கொடுப்பதில்லை. புரோட்டியஸ், சூடோமோனாஸ் இரண்டுக்கும் இயற்கையாகவே அது கேட்காது.

சாம்பிள் விஷயத்தில்தான் பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகிறது. பையிலிருந்து எடுக்கவே கூடாது. பையில் மணிக்கணக்காக நின்ற சிறுநீரில் கிருமிகள் பெருகியிருக்கும். அது சிறுநீர்ப்பையில் இருப்பதைக் காட்டாது. குழாய் போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தால் பழைய குழாயை எடுத்துவிட்டு, புதுக்குழாய் போட்டு, அதிலிருந்து எடுக்க வேண்டும். பழைய குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான ஏடு கட்டியிருக்கும். அதன் வழியே எடுத்தால் ஏட்டில் இருப்பதெல்லாம் ரிப்போர்ட்டில் வரும். புதுக்குழாய் என்றால் குழாயின் பக்கவாட்டில் உள்ள மாதிரித் துளையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, ஊசிக்குழலால் 5 முதல் 10 மி.லி. எடுத்து, மூடியின் உட்புறம் விரல் படாமல் ஸ்டெரைல் டப்பாவில் விடுங்கள்.

எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். முடியாவிட்டால் 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் போதும், உறையவிடாதீர்கள். கத்திரி வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கோட்டூரிலிருந்து திருவாரூர் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். சாதகமான சூட்டில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில் இதைவிட மெதுவாக. ஏழே முறை இரட்டித்தால் மில்லிலிட்டருக்கு 1,000 இருந்தது 1,28,000 ஆகிவிடும். ரிப்போர்ட்டில் "ஒரு லட்சத்துக்கு மேல்" என்று வரும். அதை நம்பி ஒருவருக்கு ஏழு நாள் ஊசி போடுவார்கள்.

"பலவகைக் கிருமி வளர்ச்சி" என்று வந்தால் பெரும்பாலும் சாம்பிள் மாசுபட்டது என்று பொருள். திரும்ப எடுங்கள். கிருமி வளர ஒரு நாள், மருந்துப் பரிசோதனைக்கு இன்னொரு நாள்; 48 மணி நேரத்துக்கு முன் முழு ரிப்போர்ட் கேட்டு நெருக்காதீர்கள். முதல் டோஸ் மருந்துக்கு முன்னால் சாம்பிள் எடுத்துவிடுவது முக்கியம். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு வாங்கி, நினைவு தடுமாறுகிறவருக்கு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

---

பணிச்செவிலி

வீட்டுப் பராமரிப்பை நான் எழுதுகிறேன். தாளில் முதல் வரியாக இதைப் போடுங்கள்: இந்தக் கிருமி மற்ற ஈ. கோலையைவிட வேகமாகப் பரவுவதில்லை. வந்தால் குணமாக்குவதுதான் கடினம். இருமினால், பேசினால், பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. மலம், சிறுநீர், புண் நீர் பட்ட கை இன்னொருவர் வாய்க்கோ, காயத்துக்கோ, குழாய்க்கோ போகும்போதுதான் வரும். தனித் தட்டு வேண்டாம். எல்லோர் பாத்திரமும் சோப்புப் போட்டுத் துலக்கினால் போதும். பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம், கை கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒதுக்கிவைத்த நோயாளிகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, புரட்டிப் படுக்கவைக்க ஆளிருப்பதில்லை. படுக்கைப்புண்ணும் நீரிழப்பும் அவர்களை வீழ்த்துவதற்குக் கிருமியின் துணைகூடத் தேவைப்படுவதில்லை.

கவனமாக இருக்க வேண்டியவர்கள் வீட்டில் பச்சிளம் குழந்தை, டயாலிசிஸ் அல்லது கீமோ எடுப்பவர், திறந்த புண் உள்ளவர் இருந்தால் அவர்கள்தான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற கையும் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிற கையும் வேறு வேறு ஆளுடையதாக இருந்தால் நல்லது. ஆள் இல்லையென்றால் இரண்டு வேலைக்கும் நடுவில் சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி கழுவுங்கள்: விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண், மணிக்கட்டு. கை பார்வைக்கு அழுக்காக இல்லாவிட்டால் ஆல்கஹால் திரவம் 20 முதல் 30 நொடி தேய்த்தால் போதும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி ஆல்கஹாலுக்கும் அடங்காதோ என்று பயப்படுகிறார்கள். அடங்கும். சோப்பு, ஆல்கஹால், குளோரின், கொதிநீர் எல்லாவற்றுக்கும் இந்தக் கிருமி மற்றவற்றைப் போலவே சாகும்.

தன்னார்வலர் குழுவுக்கு மொத்தமாகக் கைத்திரவம் வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் இருக்கிறது. 10 லிட்டருக்கு 99.8 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 7,515 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரின் 145 மி.லி.; மீதியைக் கொதித்து ஆறிய நீரால் 10 லிட்டராக நிரப்புங்கள். பாட்டிலில் அடைத்து 72 மணி நேரம் வைத்த பிறகே எடுக்க வேண்டும். பாட்டிலில் வந்திருக்கக்கூடிய வித்துகளை பெராக்சைடு கொல்ல அந்த நேரம் தேவை. கூரை வீட்டில், அடுப்புப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. தீப்பிடிக்கும். ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநர் மேற்பார்வையில் செய்யட்டும்.

இப்போது குழாயும் பையும். இங்கேதான் நம் ஊர் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. நோயாளி தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லை. பை தரையில் கிடக்கும், சிறுநீர் குழாயிலேயே தேங்கிப் பின்னோக்கிப் போகும். எனவே குழாய் போட்டவருக்குக் கட்டில் கட்டாயம். கயிற்றுக் கட்டில், பெஞ்சு, எதுவானாலும் சரி. பையைச் சட்டத்தில் மாட்டுங்கள், கால்மாட்டில் சுருட்டி வைக்காதீர்கள். ஆட்டோவிலோ காரிலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது அடிக்கடி நடக்கிறது. கிளம்பும் முன் பையைக் காலி செய்து, காலோடு சேர்த்து முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். கனம் குழாயை இழுத்தால் உள்ளே புண்ணாகும். காலி செய்கிற மக் அந்த நோயாளிக்கு மட்டும் உரியது. பையின் வெளிவாய் மக்கில் இடிக்கக் கூடாது. சிறுநீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். கொல்லைப்புற வாய்க்காலில், குளத்தங்கரையில் ஊற்றக் கூடாது. பை மாற்றும்போது தவிர, குழாயையும் பையையும் இணைக்கும் மூட்டைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அது கிருமிக்குத் திறந்துவிட்ட கதவு. பையை வாரம் ஒருமுறை மாற்றலாம். சாதாரண லேடெக்ஸ் குழாய் என்றால் 4 வாரத்துக்கு மேல் வேண்டாம். முழு சிலிக்கோன் குழாய் 12 வாரம் வரை தாங்கும். எது போட்டிருக்கிறது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, தேதியைக் காலண்டரில் எழுதுங்கள்.

குழாய் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. டெட்டால், பெட்டாடைன், ஆன்டிபயாடிக் களிம்பு எதுவும் வேண்டாம். குழாய்க்குள் மருந்து நீர் செலுத்திக் கழுவும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்படாதவர்களுக்கு, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர், நீர்மோர், கஞ்சித் தண்ணி. சிலருக்குப் பை கத்தரிப்பூ நிறமாக மாறும், வீடே அலறும். சிறுநீரில் உள்ள ஒரு பொருளைக் கிருமிகள் சாயமாக மாற்றுவதால் வருவது அது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். காய்ச்சல் இல்லையென்றால் குழாயும் பையும் மாற்றி, மலச்சிக்கலைப் பார்த்தால் போதும்.

மலம் பட்ட துணியைத் தனியாக, சோப்புத்தூள் போட்ட சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். கழிப்பறை இருக்கை, மக், பெட்பேன் இவற்றுக்கு பிளீச்சிங் பவுடர்: லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் போட்டால் சுமார் 0.1 சதவீதக் குளோரின் கிடைக்கும். மலம் சிந்திய இடம் என்றால் லிட்டருக்கு 30 கிராம், அதாவது 1 சதவீதம். முதலில் அழுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு அப்புறம் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு தீர்ந்துபோகும். சிறுநீர் நிறைந்த மக்கில் பிளீச்சிங் போடாதீர்கள், கழிப்பறை ஆசிட்டோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். மூச்சு முட்டும் வாயு வரும். திறந்து மாதக்கணக்காக ஆன பவுடரில் வீரியம் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒவ்வொரு வருகையிலும் "இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். சிறுநீர் அடைப்பு இல்லாமல், படுக்கை நனைகிறது என்பதற்காக மட்டும் போட்ட குழாய் எத்தனையோ இருக்கின்றன. ஆண்களுக்கு உறை போன்ற வெளிக்குழாய் உண்டு, டயப்பர் உண்டு. அடைப்பு உள்ளவர்களிலும் பலருக்கு நாளுக்கு நான்கைந்து முறை சின்னக் குழாய் விட்டு எடுத்துவிடும் முறையைக் கற்றுத்தரலாம். குழாயே இல்லையென்றால் மேலே எழுதியதில் முக்கால்வாசி தேவையில்லை.

---

சிவப்புக்கோடு

மருந்துக்கடைப் பக்கம். மருந்து அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. இப்படிப்பட்ட மருந்துகள் சிலவற்றின் விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைக்கும் ஹெச்1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம் எல்லாம் அதில் உண்டு. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கல்ச்சர் ரிப்போர்ட் மருந்துச் சீட்டு ஆகாது. ரிப்போர்ட்டைக் காட்டி மருந்து கேட்டால் மறுக்க வேண்டியது கடைக்காரர் கடமை.

டெல்டாவில் இதைவிடப் பெரிய ஓட்டை "ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க" என்கிற பழக்கம். நடவு, அறுப்புக் காலத்தில் ஒரு நாள் கூலி போகக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார்கள், அந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் சளிக் காய்ச்சலுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அந்த நான்கு மாத்திரையில் ஒன்று பெரும்பாலும் அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ. வைரஸுக்கு அது எதுவும் செய்யாது, குடல் கிருமிகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும். வயிற்றுப்போக்குக்கு ஓஃப்ளாக்சசின்-ஓர்னிடசோல் கொடுப்பதும் அப்படித்தான். ரத்தம் கலக்காத தண்ணீர்ப் போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை 1 லிட்டரில் முழுசாகக் கரைத்துக் கொடுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடக் கூடாது. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு துத்தநாகம் 20 மி.கி. 14 நாள்.

"கோர்ஸை முடிக்காமல் விட்டால்தான் எதிர்ப்பு வரும், அதனால் எப்போதும் முழுசாகச் சாப்பிடு" என்று தாளில் எழுதப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். இப்போதைய ஆய்வுகள் காட்டுவது, பல தொற்றுகளுக்குக் குறைந்த நாள்களே போதும் என்பது. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலில் எதிர்ப்புக் கிருமியைத்தான் வளர்க்கும். டாக்டர் சொன்ன நாள்களுக்குச் சாப்பிடு, நீயாக நிறுத்தாதே, நீயாக நீட்டாதே என்று எழுதுங்கள். காசநோய் மருந்து வேறு கதை. அங்கே ஒரு நாளும் விடக் கூடாது.

வேலை செய்ய வேண்டிய மருந்தும் கெட்டுப்போகும் இடங்கள்: சிப்ரோஃப்ளாக்சசினை பால், இரும்பு மாத்திரை, கால்சியம், வயிற்றுப் புளிப்புக்கான ஜெலுசில் வகையோடு சேர்த்து விழுங்கினால் குடலிலேயே கட்டிக்கொண்டு ரத்தத்துக்குப் போகாது. மாத்திரைக்குப் பின் 2 மணி நேரம் கழித்தோ, 6 மணி நேரம் முன்னதாகவோ அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரோஃபுரன்டாயினைச் சாப்பாட்டோடு கொடுங்கள். சிறுநீர் பழுப்பாகப் போகும், அதைப் பார்த்து பயந்து நிறுத்துகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடியை அரை டம்ளர் நீரில் கரைத்து, வெறும் வயிற்றில், இரவு சிறுநீர் கழித்தபின் குடிக்கச் சொல்லுங்கள்.

---

கடைமடை

ஆஸ்பத்திரியையும் மெடிக்கலையும் மட்டும் எழுதினால் தாள் பாதிதான். டெல்டாவில் ஆன்டிபயாடிக் வயலிலும் குளத்திலும் கொட்டப்படுகிறது.

சம்பாவில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் அடிக்கிற 'ஸ்ட்ரெப்டோ' பொட்டலத்தில் இருப்பது 90 பங்கு ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட், 10 பங்கு டெட்ராசைக்ளின். இரண்டும் மனிதருக்குக் கொடுக்கும் மருந்துகள். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கான ஊசி. வெறும் கையால் கலக்கி, கைத்தெளிப்பானைக் கழுவி வாய்க்காலில் விடுகிறோம். இதில் இன்னும் வருத்தம், குலை நோய்க்கும் புகையான் தாக்குதலுக்கும்கூடச் சிலர் இதைக் கலந்து அடிப்பது. ஒன்று பூஞ்சணம், மற்றது பூச்சி. இரண்டுக்கும் இது வேலை செய்யாது.

இலைக்கருகலைத் தடுப்பது எளிது. தழைச்சத்தை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள், அந்த வெட்டு வழியேதான் நுழைகிறது. நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். முதல் அறிகுறியிலும் 15 நாள் கழித்தும் 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசல் தெளிப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை: 10 லிட்டருக்கு 2 கிலோ புதுச்சாணம், துணியில் நன்றாக வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் நாசில் அடைக்கும். ஆந்திரா பொன்னி (பிபிடி 5204) விரும்புகிறவர்களுக்கு, அதே ரகத்தில் இந்த நோய்க்கு எதிர்ப்பு மரபணு மூன்றைச் சேர்த்து 2008-ல் வெளியான மேம்பட்ட சம்பா மசூரி இருக்கிறது.

வேதாரண்யம், சீர்காழி பக்க இறால் குளங்கள்: வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது, ஈஎச்பி ஓர் ஒட்டுண்ணி. ஆன்டிபயாடிக் இரண்டையும் தொடாது. குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபுரானும் இறாலுக்குத் தடை. எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு அப்படியே திரும்பும். கோழி, மீன், மாட்டுத் தீவனத்தில் கொலிஸ்டினுக்கு 2019 ஜூலையில் நாடு முழுக்கத் தடை வந்தது. மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் ஊசி அது. "வளர்ச்சி டானிக்" என்று லேபிளில் சேர்மானம் எழுதாமல் வரும் பொடியை வாங்காதீர்கள்.

கறவை மாட்டுக்கு மடிவீக்க ஊசியோ காம்பு டியூபோ போட்டால், அட்டையில் போட்டிருக்கும் நாள்கள் முடியும்வரை அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. பாலில் மருந்து இருந்தால் உறை ஊற்றினாலும் தயிர் சரியாகத் தோயாது.

---

வெட்டாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. கட்டில் விஷயமும் மடியில் பை வைக்கும் விஷயமும் எங்கள் பழைய தாளில் இல்லை, சேர்த்துவிட்டோம். மூன்று சந்தேகம். மருந்து முடிந்தபின் "கிருமி போய்விட்டதா" என்று மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டுமா? ஆற்றில், குளத்தில் குளிப்பது எப்படி? மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன சொல்ல வேண்டும்? கடைமடை அண்ணே, சாணக் கரைசல் தெளிப்பவருக்கு அதிலிருந்தே கிருமி வராதா?

---

நுண்ணுயிர்மேசை

சாணத்திலும் எதிர்ப்புக் கிருமி இருக்கலாம், கேள்வி நியாயமானது. அண்மையில் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தைத் தவிர்க்கவும். கையுறையும் முகத்துணியும் அணிந்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் தொடலாம். காலில் வெட்டுக்காயம் இருப்பவர் தெளிக்க வேண்டாம்.

மறு கல்ச்சர் வேண்டாம். அறிகுறி தீர்ந்தால் தீர்ந்தது. குழாய் இருக்கும்வரை கல்ச்சர் பாசிட்டிவாகத்தான் வரும், அதைப் பார்த்து யாராவது மறுபடி மருந்து எழுதுவார்கள். குடலில் கிருமி மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். அதைத் துரத்த மருந்து கொடுப்பதில்லை.

தண்ணீருக்கு: குழாய் போட்டவரோ ஆறாத புண் உள்ளவரோ ஆற்றிலும் குளத்திலும் இறங்க வேண்டாம். நம் வாய்க்கால்களில் பாசன நீரும் ஊர்ச் சாக்கடையும் கலந்தே போகின்றன. வீட்டிலேயே வாளித் தண்ணீரில் குளிக்கட்டும். கிணறாக இருந்தால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கனமீட்டர் வரும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 9.42 கனமீட்டர், அதாவது 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வீதம் சுமார் 24 கிராம். பவுடரை வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் (நீரில் குளோரின் அளவு பார்க்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிச்சமிருந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கிய கிணற்றுக்கு 24 கிராம் பத்தாது, அந்த 0.5 வரும்வரை கூட்ட வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டரிடமும் இதே 0.5-ஐத்தான் கேட்க வேண்டும்.

---

பணிச்செவிலி

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கேஷுவாலிட்டியில் சீட்டுப் போடும் இடத்திலேயே "போன தடவை இந்தக் கிருமி வந்தது" என்று ரிப்போர்ட் நகலோடு சொல்லுங்கள். அதற்கு இரண்டு பயன். முதல் ஊசியே கேட்காத மருந்தாகப் போய்விடாமல் டாக்டர் தேர்ந்தெடுப்பார். கார்பபெனெம் எதிர்ப்பு என்றால் வார்டில் தனி இடம், கையுறை, மேலங்கி என்று ஏற்பாடு செய்வார்கள். அதைக் கண்டு மனம் நோக வேண்டாம். பக்கத்துப் படுக்கையில் அறுவை முடிந்து கிடப்பவரைக் காப்பதற்காகச் செய்வது அது. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். அதோடு ஒரு சீட்டில் குழாய் கடைசியாக மாற்றிய தேதி, குழாயின் வகை, கடந்த 3 மாதத்தில் எடுத்த ஆன்டிபயாடிக் பெயர், எத்தனை நாள், எந்த மருந்துக்கு ஒவ்வாமை என்று எழுதி வையுங்கள்.

துணைக்கு இருப்பவர் ஒரு படுக்கைக்கும் இன்னொரு படுக்கைக்கும் உதவி செய்ய நேர்ந்தால், நடுவில் கை கழுவ வேண்டும். அடுத்த நோயாளியின் பையைக் காலி செய்து கொடுப்பது நல்ல மனசுதான், ஆனால் ஒரே மக்கைக் கொண்டு இரண்டு பேர் பையைக் காலி செய்யக் கூடாது. கை கழுவும் தொட்டியில் சிறுநீரையோ மிச்ச மருந்தையோ ஊற்றாதீர்கள். வார்டுத் தொட்டியின் வளைகுழாயில் இந்தக் கிருமிகள் நெடுநாள் தங்கி, தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது தெறிக்கும். நர்ஸோ டாக்டரோ கை கழுவாமல் சிறுநீர்க் குழாயைத் தொட வந்தால், "சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியையும் தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.